பொருநைக்கரையில் திரும்பிவரும் நிழல்

(நெல்லையில் தமிழன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



1955ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் காலையில் பொருநைப் படுகையின்மேல் பகலொளி மங்கிற்று. ஈழத்தில் ஞாயிறு முழுதும் மறைந்த நாள் அது. நெல்லைக்கு அம்முழு மறைப்புக் கிட்டவில்லை. பெரும்பகுதி மறைந்து பிறைபோல் எஞ்சிய ஞாயிறே இங்குத் தெரிந்தது. ஆறு திங்கள் கழிந்தன. அவ்வாண்டே திசம்பர் 14ஆம் நாள் நண்பகலையொட்டி மீண்டும் ஒரு மறைப்பு. இம்முறை மாலத்தீவை அடுத்த கடற்பரப்பில், நிலா ஞாயிற்றின் நடுவே அமர்ந்து, சுற்றிலும் நெருப்பு வளையம் ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. நெல்லையிலும் ஞாயிறு ஆழ மறைந்தது. நெல்லைச் சீமையின் பழைய ஓலைகளில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில், முன்னது 1130 ஆனி; பின்னது 1131 கார்த்திகை. இன்று எண்பதைத் தாண்டிய முதியோருள் சிலர் அவ்விரண்டையும் சிறுவராய் நின்று கண்டிருப்பர்.

ஐம்பத்து நான்கு ஆண்டுகள் உருண்டோடின. 2009 சூலை 22ஆம் நாள் காலையில் சூரத்து, காசி, பாட்னா நகரங்களில் ஞாயிறு முழுதும் மறைந்தது. நெல்லையில் பகுதி மறைந்தது. அதன்பின் ஆறு திங்கள் கழிந்து, 2010 சனவரி 15ஆம் நாள், மாட்டுப் பொங்கலன்று, நண்பகல் தாண்டி ஏறத்தாழ ஒன்றேகால் மணியளவில், குமரி முதல் தனுக்கோடி வரை நெருப்பு வளையம் தோன்றியது. நெல்லையும் அந்த வளையத்துள் இருந்தது.

இந்த நான்கு நாள்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். 1955 சூன் 20க்கும் திசம்பர் 14க்கும் இடையே 177 நாள். 2009 சூலை 22க்கும் 2010 சனவரி 15க்கும் இடையேயும் 177 நாள். ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. முதல் இணைக்கும் இரண்டாம் இணைக்கும் இடைவெளி 54 ஆண்டும் 32 நாளும். 1955 சூன் மறைப்பு 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழு மறைப்பு; 2009இல் வந்தது 21ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழு மறைப்பு. 1955 திசம்பரில் வந்தது அந்நூற்றாண்டின் மிக நீண்ட வளைய மறைப்பு. 2010இல் வந்தது இந்நூற்றாண்டுக்கு மட்டுமன்று, இவ்வாயிரமாண்டுக்கே மிக நீண்ட வளைய மறைப்பு. தற்செயல் இவ்வளவு ஒழுங்காக நடப்பதுண்டா? இல்லை. பாட்டனார் கண்ட அந்த இரண்டு மறைப்புகளே, ஒரே குடியின் வழித்தோன்றல்களாய்ப் பெயரன் காலத்தில் மீண்டும் வந்தன.

இது திரும்பி வரும் என்று 1955இல் அப்பாட்டனாரிடம் தமிழில் எடுத்துச் சொன்னவர் எத்துணைப் பேர்? சொல்லப்பட்டவை வேறு. கதவை அடை, கோயில் நடையைச் சாத்து, சமைத்ததைக் கொட்டு, அல்லது அதன்மேல் புல்லைக் கிள்ளிப் போடு, கருவுற்ற பெண்ணை இருட்டறையில் உட்கார்த்து, மறைப்பு விட்டதும் ஆற்றில் முழுகு. ஆற்றில் முழுகுவதற்கு எவரும் தடை சொல்லார். பொருநை நீர் என்றும் நல்ல நீரே. தண்ணீர்த் தட்டில் உலக்கையை நிறுத்திவைத்து, மறைப்பு நேரத்தில் மட்டுந்தான் அது விழாமல் நிற்கும் என்று கூட்டங்கூட்டிக் காட்டுவார்கள். பூண் தேயாத உலக்கை எந்தச் செவ்வாய்க்கிழமையிலும் நிற்கும். வீட்டிற்குச் சென்று நிறுத்திப் பாருங்கள்.

மறைப்பு எவ்வாறு நேர்கிறது என்பதைச் சுருங்கச் சொன்னால் போதும். அமாவாசை என்று வடசொல்லால் வழங்கும் காருவா நாளில், நிலா ஞாயிற்றுக்கும் ஞாலத்துக்கும் இடையே வருகிறது. காருவாதோறும் மறைப்பு நேராமைக்குக் கரணியம், நிலவின் வழி ஞாயிற்றின் வழியினின்று ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்து கிடப்பதே. இரு வழிகளும் இரண்டே இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. கரும்பில் கணு இருப்பதுபோல் அவற்றைக் கணு எனலாம். கரும்பாம்பு, செம்பாம்பு என்று மக்கள் அஞ்சியவை இவ்விரு கணுக்களே. காருவாவும் கணுவும் ஒருங்கே நெருங்கினால் மறைப்பு, நெருங்காவிடில் இல்லை.

இனி, திரும்பி வரும் கணக்கு. இங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும். நிலவுக்கு மூன்று வகைத் திங்கள் உண்டு. ஒரு காருவாவினின்று அடுத்த காருவா வரை 29.53 நாள். ஒரு கணுவினின்று புறப்பட்டு அக்கணுவையே மீண்டும் எட்ட 27.21 நாள். ஞாலத்துக்கு மிக அண்மையில் வரும் நிலையினின்று மீண்டும் அந்நிலையை அடைய 27.55 நாள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள். ஆயினும் முதல்வகைத் திங்கள் 223 சேர்ந்தால் 6585.32 நாள், இரண்டாம்வகை 242 சேர்ந்தால் 6585.36 நாள், மூன்றாம்வகை 239 சேர்ந்தால் 6585.54 நாள். மூன்று ஓட்டங்களும் ஏறத்தாழ ஒரே நாளில் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அப்போது நிலா மீண்டும் காருவாவில், மீண்டும் அதே கணுவில், மீண்டும் அதே தொலைவில் இருக்கும். ஆதலின் பழைய மறைப்பே, அதே தன்மையோடும் நீளத்தோடும் ஏறத்தாழ மீண்டும் நிகழ்கிறது. அந்த 6585 நாளே 18 ஆண்டும் 11 நாளும். இடையில் மிகுநாள் ஆண்டு ஐந்து விழுந்தால் 18 ஆண்டும் 10 நாளும். எஞ்சுவது ஏறத்தாழ எட்டு மணி நேரம்.

மேலைநாட்டார் இச்சுற்றைச் சாரோசு என்பர். பாபிலோனியர் களிமண் பலகைகளில் மறைப்புகளை நூற்றாண்டுக் கணக்கில் குறித்துவந்தமையால் கண்டறிந்த சுற்று இது. பெயர் மட்டும் அவர்கள் இட்டதன்று. வால்வெள்ளியால் பெயர்பெற்ற ஆலி என்னும் ஆங்கிலேயர், 1691இல் பழைய அகரமுதலி ஒன்றைப் பிழைபடப் பொருள்கொண்டு ஒட்டிவைத்த பெயர் அது. தவறான பெயரே உலகம் முழுதும் நிலைத்துவிட்டது. தமிழில் அதனைப் பதினெண்ணாண்டுச் சுற்று என்று சொல்லிவிட்டால் பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். பெயரிலேயே பொருள் இருக்கிறது.

எஞ்சிய எட்டு மணி நேரத்தைச் சிறியதென்று தள்ளிவிடலாகாது. எட்டு மணியில் ஞாலம் மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடும். ஆகவே அடுத்த முறை நிழல் மேற்கே வெகுதொலைவு தள்ளி விழும். 1955 சூன் மறைப்பின் அடுத்த தோன்றல் 1973 சூன் 30இல் ஆப்பிரிக்காவில். அதற்கடுத்தது 1991 சூலை 11இல் அவாய்த் தீவிலும் மெக்சிக்கோவிலும். மூன்றாவது 2009இல் மீண்டும் கீழைநாடுகளில். மூன்று சுற்றில் எட்டு மணிகள் சேர்ந்து முழுநாள் ஆகிவிடுவதால், நிழல் ஏறத்தாழப் பழைய பகுதிக்கே திரும்புகிறது. இதனை மும்மடிச் சுற்று என்க. 54 ஆண்டும் ஏறத்தாழ ஒரு திங்களும். பாட்டன் முதல் பெயரன் வரை என்று சொன்னது இதைத்தான். இதே குடியைச் சேர்ந்த 1919 மே 29 மறைப்பின்போதுதான் எடிங்டன் குழுவினர் ஒளி வளைவதை அளந்து ஐன்சுடைனின் கொள்கைக்குச் சான்று தந்தனர்.

மற்றொரு குடியையும் பாருங்கள். 1871 திசம்பர் 12ஆம் நாள் காலையில் தமிழ்நாட்டின் குறுக்கே முழு நிழல் ஓடியது. நீலமலை, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்பன அதன் வழி. அதைக் காணப் பிரஞ்சு நாட்டினின்று வந்த சான்சன் நீலமலையில் சோலூரில் கருவியை நிறுத்தினார். ஒரு மும்மடிச் சுற்றுக்குப்பின் 1926 சனவரி 14இல், பொங்கலையொட்டி, அதே குடி வந்தது. நிழல் தென்கடலைக் கடந்து சுமத்திராவிற் படிந்தது. தென்னாட்டுக்குப் பகுதி மறைப்பு, நண்பகலில். இன்னொரு சுற்றுக்குப்பின் 1980 பிப்பிரவரி 16இல், பிற்பகலில், கன்னடநாடும் ஆந்திரமும் இருண்டன. நாலாவது 2034 மார்ச்சு 20இல், மாலை வேளையில், காசுமீரத்தின் வடகோடியைத் தொடும். காலை, நண்பகல், பிற்பகல், மாலை என ஒரே குடி 162 ஆண்டுகளில் ஒருநாட் பயணம்போல் மேற்கே நகர்கிறது. மும்மடிச் சுற்றும் அச்சில் வார்த்ததன்று என்பதை இது காட்டுகிறது. சில குடிகளுக்கு நகர்வு குறைவு, சிலவற்றுக்கு மிகுதி.

பகுதி மறைப்பு என்பதை முழு மறைப்பின் ஏழைத் தம்பி என்று பலரும் எண்ணுகின்றனர். அதில் இருவகை உண்டு. வேறோர் ஊரில் முழு மறைப்போ வளைய மறைப்போ நிகழ, வழியினின்று விலகி நிற்கும் ஊருக்கு ஒரு பகுதி மட்டும் தெரிவது ஒருவகை. 1955 சூனில் நெல்லை கண்டது அதுவே. நிழலின் நடு ஞாலத்தின்மேல் எங்குமே விழாமல், வடமுனைக்கோ தென்முனைக்கோ அப்பால் வெறுவெளியிற் போய்விட, ஓரநிழல் மட்டும் ஞாலத்தை உரசுவது மற்றொரு வகை. அவ்வகை மறைப்புக்கு முழுமை என்பது உலகில் எவ்வூரிலும் இல்லை.

இவ்விரண்டாம் வகைதான் குடியின் பிறப்பையும் இறப்பையும் காட்டுவது. முன் சொன்ன மூன்று எண்களும் முற்றும் ஒத்தவை அல்ல. அச்சிறு வேற்றுமையால், சுற்றுக்கு ஏறத்தாழ அரைப் பாகை வீதம் காருவா கணுவினின்று நகர்ந்துகொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு குடியும் ஒரு முனையில் மெல்லிய பகுதி மறைப்பாய்ப் பிறந்து, சில நூற்றாண்டுகளில் முழு மறைப்பாகவோ வளைய மறைப்பாகவோ வளர்ந்து, மறுமுனையில் மீண்டும் பகுதி மறைப்பாய்த் தேய்ந்து மறைகிறது. எழுபதுக்கு மேற்பட்ட தோன்றல்கள். பன்னிரண்டு, பதின்மூன்று நூற்றாண்டு வாழ்வு.

2022 அக்தோபர் 25ஆம் நாள் மாலையில், தீபாவளிக்கு மறுநாள், நெல்லையில் ஞாயிறு மேற்கே சாயுமுன் அதன் விளிம்பில் நகக்கீறல்போல் ஒரு சிறு வெட்டுத் தெரிந்தது. பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் குடி 1049ஆம் ஆண்டில், முதலாம் இராசாதிராச சோழன் ஆட்சிக் காலத்தில் பிறந்தது. 1968 செப்தம்பர் 22 வரை முழு மறைப்புகளைத் தந்தது. 1986 அக்தோபர் 3ஆம் நாள் முழுமையும் வளையமும் கலந்து நின்றதோடு அதன் நடுநிழல் ஞாலத்தை விட்டகன்றது. 2004 அக்தோபர் 14இல் பகுதி, 2022இல் பகுதி, 2040 நவம்பர் 4இலும் பகுதியே. 73 தோன்றல்களுள் 55ஆவதைத்தான் நெல்லை மக்கள் அன்று மாலை கண்டனர். 2347 மே 11இல் அக்குடி அற்றுப்போகும். சோழன் காலத்துக் குழந்தை ஒன்று முதுமையடைந்து பொதியமலைக்குப் பின்னே சாய்வதைக் காண்பது சிறு நிகழ்ச்சியா?

இங்கே ஒரு வினா எழும். இவையெல்லாம் பாபிலோனியர் கணக்கும் மேலையர் கணக்கும். தமிழர் என்ன செய்தனர்?

தமிழ்க் கணியர் இப்பதினெண்ணாண்டுச் சுற்றை நம்பி அமர்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு மறைப்பையும் நேரே கணக்கிட்டனர். பஞ்சாங்கம் எனப்படும் ஐந்திறத்தைக் கணித்தோர் கையில் 248 நாள் வாய்பாடு ஒன்றிருந்தது. 27.55 நாள் கொண்ட திங்கள் ஒன்பது சேர்ந்தால் 248 நாள். அத்தனை நாளுக்கும் நாள்வாரியாக நிலவின் இடம் அதில் அடங்கும். அதற்கு மேல் 3031 நாள் (110 திங்கள்), 12372 நாள் (449 திங்கள்) என்னும் பெருஞ்சுற்றுகள். இவற்றை அடுக்கி எந்நாளின் நிலவையும் பிடித்துவிடலாம்.

வெள்ளியின் இடைமறிப்பைக் காண இலெ சான்தி என்னும் பிரஞ்சு வானூலார் புதுச்சேரிக்கு வந்தார். 1769 சூன் திங்களில் அந்நிகழ்ச்சி நேர்ந்த வேளையில் முகில் மறைத்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பாமல், அங்கிருந்த தமிழரிடம் மறைப்புக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த நிலா மறைப்பின் நீளத்தில், தமிழர் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவில் மிகச் சிறந்ததாய் மதிக்கப்பெற்ற மேயரின் வாய்பாடு 68 நொடி மிகுந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, சென்னை வானாய்வகத்திற் பணியாற்றியிருந்த வாரன் என்பார், புதுவையில் வாழ்ந்த தமிழ்க் கணியர் ஒருவர் 1825ஆம் ஆண்டு மே இறுதி நாளிரவில் நிகழவிருந்த நிலா மறைப்பைக் கணிப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும், மனப்பாடமாய் வைத்திருந்த வாய்பாட்டைச் சொல்லியும் அவர் கணக்கை முடித்தார். தொடக்கத்தில் 4 நிமையம், நடுவில் 23 நிமையம், முடிவில் 52 நிமையம் பிழை. 1952இல் ஆட்டோ நாய்கெபவர் என்னும் கணிதவரலாற்றறிஞர் இந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, தமிழர் வானியல் என்னும் தலைப்பிலேயே ஓர் ஆய்வுரை எழுதினார். 248, 3031 என்னும் எண்கள் மேலையாசியாவிலும் கிரேக்கரிடமும் வழங்கியமையை அவர் காட்டினார். அதில் தமிழர்க்கு இழுக்கு ஒன்றுமில்லை. கொற்கை முத்து கடல் கடந்த வழியில் எண்ணும் கடல் கடந்து வரும், போகவும் செய்யும். பிறரிடம் பெற்றதை ஈராயிரம் கல் தள்ளி, சோழியால், நினைவால், பதினெட்டு நூற்றாண்டு மங்காமல் காத்துவைத்தது எளிய செயலா?

ஆனால் வாரன் மற்றொன்றும் குறித்தார். அக்கணியர்க்கு அக்கணக்கின் உட்கரணியம் ஒன்றும் தெரியாது. ஏன் தெரியாது? அந்த 248 வரிகளுக்கும் வாக்கியம் என்று பெயர். எழுத்துக்கு ஓர் எண்ணாகப் பூட்டிவைத்த வடமொழித் தொடர்கள் அவை. ஒலியை உருப்போட்டவர் உண்டு. பொருளைத் திறந்து காட்டியவர் இல்லை. கணக்கு தமிழன் கையில் இருந்தது. கரணியம் அயல்மொழிப் பேழைக்குள் கிடந்தது. சில குடும்பங்களுக்குள்ளேயே பேழையின் திறவுகோல் சுழன்றது. பொருநைக்கரை உழவனும் குயவனும் நெசவாளனும் ஐந்திறத்தின் முன்னட்டையிலுள்ள பாம்புப் படத்தைத்தான் கண்டனர். அறிவு வெளியே வராத இடத்தில் அச்சம் குடியேறும். பாம்பு திங்களைப் பற்றுவதைத் திருவள்ளுவர் அலரதிகாரத்தில் உவமையாக்கினார். கழகப் புலவரும் அவ்வாறே. உவமைக்கு எடுத்த பாம்பைக் கொண்டு அவர்கள் கோயிற் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

இன்று வடமொழிப் பேழையின் இடத்தை ஆங்கிலப் பேழை பிடித்துக்கொண்டது. மறைப்பு வரும் நாளைத் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்திற் படித்து, தேர்வில் ஆங்கிலத்தில் எழுதி, வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொல்லத் தமிழ்ச்சொல் இன்றித் திகைக்கின்றனர். சொல் இல்லாமையா? காருவா, வெள்ளுவா, கோள், நாண்மீன், ஓரை, மறைப்பு, விளிம்பு, கணு. பாவாணர் பிறந்த சங்கரன்கோவில் இந்நெல்லைச் சீமையில்தான் இருந்தது. சொல் குறைவில்லை, எடுத்து வழங்குவோரே குறைவு.

அதற்கு வாய்ப்பான நாள் ஒன்று நெருங்குகிறது. 1955இலும் 2009இலும் வந்த அதே முழுமறைப்புக் குடி, ஒற்றைச் சுற்று முடித்து, 2027 ஆகத்து 2ஆம் நாள், திங்கட்கிழமை, மீண்டும் வருகிறது. எசுப்பானியத்தின் தென்கோடி, வடவாப்பிரிக்கா, எகிப்தின் இலக்சோர், அரபுநாடு வழியே முழு நிழல் ஓடும். நெல்லைக்கு மாலையில் பகுதி மறைப்பு. அது ஆடித் திங்கட் காருவா. முன்னோரை நினைத்து மக்கள் பாவநாசத்திலும் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலிலும் திரளும் காலம். 2009இல் வந்ததும் ஆடிக் காருவா. 2010இல் வந்தது தைக் காருவா. முன்னோர்க்கெனத் தமிழர் ஒதுக்கிய நாளிலேயே முன்னோர் கண்ட நிழல் வருகிறது.

அன்று செய்யத்தக்கது பெரிதன்று. வெறுங்கண்ணால் ஞாயிற்றை நோக்கலாகாது. புகைபிடித்த கண்ணாடி, பழைய படச்சுருள் எதுவும் காப்பாகா. அதற்கென ஆய்ந்து செய்த காப்புக் கண்ணாடியே வேண்டும். 1987 முதல் கொக்கிரகுளத்தில் பொருநைக்கரையிலுள்ள மாவட்ட அறிவியல் மையத்தாரைக் கேட்டு அதன் வகையை அறியலாம். கண்ணாடி கிடைக்காவிடில் அட்டையில் ஊசித்துளை இட்டு, நிழலில் விழும் ஒளிப்பொட்டைப் பார்க்கலாம். அதுவும் வேண்டா என்பார் ஆற்றங்கரை மருதமரத்தடிக்குப் போகலாம். இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையே. தரையில் விழும் ஒளிப்பொட்டெல்லாம் வெட்டுண்ட வட்டமாய் மாறியிருக்கும்.

பாவநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நெல்லை, பாளையங்கோட்டை, திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, புன்னைக்காயல் என ஆறு போகும் வழியெல்லாம் ஊருக்கு ஒரு சுவடி வைத்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே எழுதட்டும், தமிழில் எழுதட்டும். ஊர்ப்பெயர், திருவள்ளுவராண்டு 2058, ஆடிக் காருவா, நிலா விளிம்பைத் தொட்ட மணி, நிமையம், மிகுதியாய் மறைந்த நேரமும் அப்போதைய வடிவின் வரைவும், விட்டகன்ற நேரம், பறவைகள், ஆடுமாடுகளின் நடத்தை. பொதியத்து முகில் மறைத்துவிட்டால் முகில் மறைத்தது என்றே எழுதலாம். இலெ சான்திக்கு நேர்ந்ததும் அதுவே. 1955ஐக் கண்ட முதியவர் ஊரில் எஞ்சியிருந்தால், அவர் சொல்வதையும் அவர் சொற்களிலேயே முதற்பக்கத்தில் எழுதிக்கொள்க.

அச்சுவடியை நூலகத்தில் வைத்துப் பூட்டாமல் விடுக. அம்மறைப்பு மும்மடிச் சுற்று முடித்து மீள்வது 2081 செப்தம்பர் 3ஆம் நாள். இவ்வாண்டில் பத்து அகவை நிரம்பிய சிறுமிக்கு, சுவடி எழுதும் ஆண்டிலிருந்து 54 கூட்டிக்கொண்டால், அன்று அறுபதின் நடுப்பகுதி. நேரங்களை ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.